நெஞ்சின் மேல் ரசமட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நடந்தவற்றை நான் நேரில் பார்க்கவில்லை, கடைசியில் வரும் ஒன்றிரண்டு சங்கதிகளைத் தவிர. மற்றதெல்லாம் மில்லி அண்ணன் வாய்வழியாக எனக்கு வந்தது. நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறோம். அவர் டைல்ஸ் போடுகிறவர். நான் அவர் போட்டதைச் சரிபார்க்கும் ஜூனியர் இன்ஜினியர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். அதனாலோ என்னவோ, எதையாவது தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வேனோ என்ற பயம் எப்போதும் கொஞ்சம் அதிகம். எழுதுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்கே போய்க் கணவன் மனைவி இருவரிடமும் அனுமதி கேட்டேன்.

"எழுது தம்பி. எந்த வீடுன்னு மட்டும் சொல்லிடாதே. ஆனா நான் படிக்க மாட்டேன்," என்றார் அண்ணன். "படிச்சா எந்த வரி கோணலா இருக்குன்னு கண்ணு தேட ஆரம்பிச்சிடும்."

"தாராளமா எழுதுங்க தம்பி," என்றார் அண்ணி. "அவர்தான் படிக்க மாட்டாரே."

இரண்டும் ஒரே பதில் மாதிரிதான் அப்போது எனக்குத் தெரிந்தது.

மில்லி என்றதும் யாரும் வேறு எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அண்ணன் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். தரையில் ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தாலும் வெறுங்கண்ணால் பிடித்துவிடுவார். அதனால் வந்த பெயர். ஓட்டலுக்குப் போனால் இலையில் என்ன விழுகிறது என்று பார்க்க மாட்டார், காலடியில் என்ன பதித்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். துக்க வீட்டுக்குப் போனால் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார். மனுஷனுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று எல்லோரும் நெகிழ்ந்து போவார்கள். அவர் டைல்ஸ் இடைவெளியை அளந்துகொண்டிருப்பார்.

இப்பேர்ப்பட்டவருக்குத் தன் உடம்பில் ஒரு குறை. மீசை அரும்பும் வயதிலேயே அவருக்கு மார்பு பெண்களுக்கு இருப்பது போல வளர்ந்துவிட்டது. பல ஆண்களுக்கு வருவதுதான், ஹார்மோன் செய்கிற வேலை என்று பின்னால் டாக்டர் சொன்னார். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பையன்கள். அவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்று அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வேலையில் காற்றுப் புகாத அறைகளில் மணிக்கணக்காகக் குனிந்திருக்க வேண்டும். எல்லோரும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடுவார்கள். அண்ணன் மட்டும் கழுத்துப் பட்டன்வரை போட்டு, அதற்கு மேல் ஒரு துண்டையும் போர்த்திக்கொள்வார். கேட்டால் சளி என்பார். நடுக்கோடையில் சளி பிடிக்கும் ஒரே ஆள் அவர்தான். வீட்டிலும் சட்டை மாற்ற வேண்டுமென்றால் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டால், அண்ணன் சட்டை மாற்றுகிறார் என்று அர்த்தம்.

ஒருநாள் துணிச்சலை எல்லாம் திரட்டிக்கொண்டு பேச்சை எடுத்திருக்கிறார். அண்ணி வீட்டிலேயே பெண்களுக்கு உடுப்பு தைத்துக் கொடுப்பவர். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததாம்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"திட்டக் கூடாது."

"அப்ப திட்டற விஷயம்தான். சொல்லுங்க."

"இதை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமாம்."

மிஷின் நின்றது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"எங்க?"

"சட்டையைக் கழட்டும்போது."

அண்ணி துணியைத் திருப்பி வைத்தாராம். பிறகு, "எனக்காகன்னா வேண்டவே வேண்டாம். எனக்கு நீங்க எப்படி இருந்தாலும் நீங்கதான். உங்களுக்காகன்னா நாளைக்கே போலாம்," என்று சொல்லிவிட்டு மிஷினை மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"இறுக்கமான இந்த பனியனை ராத்திரி பகல் போட்டிருக்கணும். நான் சொல்றவரைக்கும் கனம் தூக்கக் கூடாது. கையை ஊணி எழுந்திருக்கக் கூடாது. வீக்கம் ரெண்டு பக்கமும் ஒரே சீரா வத்தாது. ஒரு பக்கம் முந்தும், ஒரு பக்கம் பிந்தும். உள்ள கெட்டியா ஏதோ தட்டுப்படும், தோல் மரத்துப்போன மாதிரி இருக்கும். எல்லாம் சரியாக மாசக்கணக்காகும். திடீர்னு ஒரு பக்கம் மட்டும் பெருசா வீங்கி வலிச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வந்துடுங்க. மத்தபடி நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். கையை வைக்காதீங்க."

டைல்ஸ்காரரிடம் கையை வைக்காதே என்பதும் மேஸ்திரியிடம் சத்தம் போடாதே என்பதும் ஒன்றுதான்.

கட்டுப் பிரித்து, பனியனைக் கழற்றிக் குளிக்கலாம் என்று ஆன முதல் நாளே அண்ணன் கண்ணாடி முன்னால் நின்றார். கண் போய் நின்ற இடத்தில் நின்றது.

"ஏம்மா! இங்க வா! இடது பக்கம் ஒரு நூல் ஏத்தம்!"

நூல் என்பது எங்கள் வேலையில் பேசப்படும் அளவு. அங்குலத்தை எட்டாகக் கூறு போட்டால் ஒரு கூறு. ஒரு நூல் ஏறிய டைல்ஸைப் பார்த்தால் அண்ணனுக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது அந்த ஒரு நூல் அவர் நெஞ்சின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

அண்ணி வந்து பார்த்தார். "வீக்கம்ங்க. டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"வீக்கம்னா ரெண்டு பக்கமும் வீங்கணும்ல?"

"இங்க பாருங்க. நான் எத்தனை பேருக்கு அளவெடுத்துத் தைக்கறேன். ஒருத்தருக்காவது ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்து நான் பாத்ததில்ல. ஒரு தோள் இறங்கியிருக்கும், ஒரு பக்கம் கூடியிருக்கும். கொஞ்சம் துணியை விட்டுப் பிடிச்சுத் தைப்பேன். போட்டுக்கறவங்களுக்கே தெரியாது."

"துணி இழுத்தா வரும். டைல்ஸ் வருமா?"

"நீங்க என்ன டைல்ஸா?"

 அண்ணன் அன்றைக்கே ஒரு சபதம் எடுத்தார். ஊரெல்லாம் தரைக்கு மட்டம் பார்த்தவன் தன் நெஞ்சுக்கு மட்டம் பார்க்காமல் விடுவதில்லை.

வேலைப் பையிலிருந்து ரசமட்டம் வெளியே வந்தது. ரசமட்டம் தெரியாதவர்களுக்காக: நீளமான சட்டம், நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு காற்றுக் குமிழி, குழாயின் மேல் நடுவைக் காட்ட இரண்டு கோடுகள். வைத்த இடம் மட்டமாக இருந்தால் குமிழி நட்டநடுவில் நிற்கும். ஒரு பக்கம் உயரம் என்றால் அந்தப் பக்கம் ஓடும். அண்ணி முன்னறையில் மிஷினை மிதிக்க ஆரம்பித்ததும், அண்ணன் படுக்கையறைக்குள் போய், சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று தாழ்ப்பாள் போடாமல் கதவை மட்டும் சாத்தி, பனியனைக் கழற்றித் தரையில் மல்லாந்து படுப்பார். ரசமட்டத்தை நெஞ்சின் குறுக்கே வைப்பார். கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக் குமிழியைப் பார்ப்பார். அது இடது பக்கம் ஓடும். மூச்சு விட்டால் ஆடும். அதனால் மூச்சையும் விட மாட்டார். நாளுக்கு எத்தனை முறை என்று கேட்டேன். "மிஷின் ஓடும்போதெல்லாம்," என்றார்.

அண்ணியிடம் உடுப்பு போட்டுப் பார்க்க வருகிறவர்கள் அந்தப் படுக்கையறையில்தான் மாற்றிக்கொள்வார்கள். இது அண்ணனுக்குத் தெரியாத விஷயமல்ல, மறந்துபோன விஷயம். மாடி வீட்டு டீச்சரம்மா புதுத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். தரையில் ஒரு மனிதர், மூச்சில்லாமல், நெஞ்சின் மேல் இரும்புச் சட்டத்தோடு.

டீச்சரம்மா போட்ட சத்தத்தில் அண்ணி ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு உங்க வீட்டுக்காரருக்கு?"

அண்ணி ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை என்கிறார் அண்ணன். "ஒண்ணுமில்ல டீச்சர். தரை மட்டமா இருக்கான்னு பாக்கறார்."

"நெஞ்சு மேல வச்சா?"

"அவர் எந்த வேலையையும் நெஞ்சைத் தொட்டுத்தான் செய்வார்."

டீச்சரம்மா போன பிறகு அண்ணி கதவைச் சாத்தினார். ரசமட்டத்தை வாங்கிக்கொண்டார். அது எங்கே போனது என்று வீடு முழுக்கத் தேடியும் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

சரி, அளவுதானே போனது, வைத்தியம் போகவில்லையே என்று அண்ணன் அடுத்த திட்டத்துக்குப் போனார். பதித்த டைல்ஸ் ஒரு பக்கம் உப்பிக்கொண்டால் அதன் மேல் பாரம் வைத்து அமுக்கிவிட்டுப் போவது எங்கள் தொழிலில் வழக்கம். காலையில் வந்து பார்த்தால் அமர்ந்திருக்கும். அண்ணன் ஒரு டைல்ஸ் துண்டைத் துண்டில் சுற்றினார். இடது மார்பின் மேல் வைத்தார். அதற்கு மேல் பாரத்துக்கு அண்ணியின் கனத்த இஸ்திரிப் பெட்டியை ஏற்றினார். சூடில்லாமல்தான். அந்த அளவுக்கு அவருக்கு அறிவு இருந்தது என்பதைப் பதிவுசெய்யச் சொன்னார்.

முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இஸ்திரிப் பெட்டியைப் பாத்தீங்களா?"

"இ...ல்ல."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"படு...த்திருக்...கேன்."

"படுத்திருந்தா குரல் ஏங்க நசுங்குது?"

அண்ணி வந்து பார்த்தபோது திட்டவில்லை. அதுதான் அண்ணனுக்குப் பயமாக இருந்ததாம். பெட்டியை எடுத்தார், டைல்ஸை எடுத்தார், துண்டை எடுத்தார். கீழே தோல் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. இருந்த வீக்கம் இன்னும் கொஞ்சம் உப்பியிருந்தது.  

அப்படியே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நல்லவேளை, உள்ள ரத்தம் கட்டல. எதை வச்சு அமுக்கினீங்க?"

அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"இஸ்திரிப் பெட்டி," என்றார் அண்ணி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா மறுபடியும் கிழிக்க வேண்டி வரும். அப்ப வர்ற மேடு பள்ளத்துக்கு நான் பொறுப்பில்ல. அது தன்னால ஆறும். ஆற விடுங்க."

 அன்று முதல் அமுக்குவதில்லை என்று அண்ணன் சத்தியம் செய்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார். ஆனால் அளப்பதை விட முடியவில்லை. ரசமட்டம் இல்லாவிட்டால் என்ன, தண்ணீர் பொய் சொல்லாது என்று ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நெஞ்சின் மேல் வைத்தார். தும்மல் வந்தது.

"என்னங்க பனியன் நனைஞ்சிருக்கு?"

"வேர்வை."

"ஒரு தட்டு வேர்வையா?"

அண்ணி பனியனைக் கழற்றிக் காற்றாடியின் கீழே காயப் போட்டார். மாற்றுப் பனியனை மாட்டிவிட்டார். அது சாதாரண வேலை இல்லை. சிமென்ட் மூட்டையைத் தலையணை உறைக்குள் நுழைப்பது மாதிரி என்கிறார் அண்ணன். கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போடும்போது அண்ணி மெதுவாகக் கேட்டார்.

"ஏங்க இப்படிப் பண்றீங்க? அவங்கதான் ஆறும்னு சொல்றாங்களே?"

அப்போதுதான் அண்ணன் அதைச் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லும்போது அவர் கலவைச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இத்தனை வருஷமா ரெண்டு பக்கமும் அசிங்கமா இருந்துச்சு. ஆனா ஒரே மாதிரி அசிங்கமா இருந்துச்சு. இப்ப நானே ஆசைப்பட்டுப் போய்க் கோணலாக்கிக்கிட்டு வந்துட்டேன். இனிமே சட்டையைக் கழட்டினா என்னைப் பாக்க மாட்டாங்க. இந்த ஒரு நூலைத்தான் பாப்பாங்க."

அண்ணி கடைசிக் கொக்கியைப் போட்டார்.

மறுநாள் அண்ணன் குளித்துவிட்டு வந்தபோது அண்ணி படுக்கையறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெட்டிய துணிக் குவியல். மடியில் ரசமட்டம்.

"படுங்க. நானே வச்சுப் பாக்கறேன். இதோட இந்தப் பஞ்சாயத்து முடியணும்."

அண்ணனுக்கு நம்பவே முடியவில்லை. சட்டென்று படுத்துக்கொண்டார். அண்ணி ரசமட்டத்தை அவர் நெஞ்சின் குறுக்கே வைத்து, முகக் கண்ணாடியையும் அவருக்கு வாகாகப் பிடித்தார்.

"குமிழி எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். நான்தான் சொன்னேன்ல?"

"எவ்வளவு?"

"கோட்டைத் தாண்டி நிக்குது."

"சரி. நீங்க எது மேல படுத்திருக்கீங்க?"

"தரை மேல."

"தரை யார் போட்டது?"

"என்னம்மா கேள்வி இது? நான்தான்."

"தரை மட்டமா இருக்கா?"

அண்ணன் சிரித்தாராம். நெஞ்சு குலுங்கியதில் ரசமட்டம் நழுவப் பார்த்தது. "நான் போட்ட தரையையா கேக்கறே? இந்தத் தரை மேல குமிழி ஆடுச்சுன்னா நான் தொழிலையே விட்டுடறேன்."

"பாத்துடலாமா?"

"தாராளமா பாரு."

அண்ணி ரசமட்டத்தை எடுத்து, அவருடைய இடது தோளை ஒட்டித் தரையில், நெஞ்சில் இருந்த அதே திசையில் வைத்தார். நகராமல் இருக்க, தோளுக்கு எட்டத்தில் இருந்த கோடியைக் கையால் பிடித்துக்கொண்டார். துணிக் குவியல் அந்தப் பக்கம்தான் கிடந்தது. அண்ணன் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

குமிழி இடது பக்கம் ஓடியது. கோட்டைத் தாண்டி நின்றது.



"திருப்பி வை," என்றார் அண்ணன். ரசமட்டத்தில் கோளாறு இருந்தால் முனை மாற்றி வைத்தவுடன் குமிழி எதிர்ப்பக்கம் ஓடும். தொழில் தெரிந்தவர் அல்லவா?

அண்ணி முனை மாற்றி வைத்தார். மறுபடியும் அதே எட்டத்துக் கோடியைப் பிடித்துக்கொண்டார். குமிழி மறுபடியும் இடது பக்கமே ஓடியது.

"ரசமட்டம் சரியாத்தான் இருக்கு," என்றார் அண்ணன். குரல் இஸ்திரிப் பெட்டி வைத்தபோது இருந்ததைவிட நசுங்கியிருந்தது.

"அப்ப உங்க நெஞ்சும் சரியாத்தான் இருக்கு," என்றார் அண்ணி. "தரை எவ்வளவு சாஞ்சிருக்கோ அவ்வளவுதான் நெஞ்சு மேலயும் காட்டுது. மிச்சம் என்னங்க இருக்கு?"

மிச்சம் இருந்தது தரைதான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தத் தரையைப் போட்ட நாட்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கூலிக்குப் போட்ட தரைகளில்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. எங்கே கோட்டை விட்டோம்?

"தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார் அண்ணி. "ஒண்ணு கேக்கறேன். இதுல எத்தனை வருஷமா நடக்கறோம்?"

"வீட்டுக்கு வந்ததிலேர்ந்து."

"யாராவது வழுக்கி விழுந்தோமா?"

"இல்ல."

"வர்றவங்க போறவங்க யாராவது, தரை ஏன் இப்படிச் சாஞ்சிருக்குன்னு கேட்டாங்களா?"

"இல்ல."

"கண்ணாலயே மில்லி பாக்கற நீங்க கண்டுபிடிச்சீங்களா?"



"...இல்ல."

"எல்லாரும் பாக்கற தரையிலயே தெரியல. சட்டைக்குள்ள இருக்கற நெஞ்சுலயா தெரியப்போகுது?"

 அண்ணனுக்குப் பயம் ஒன்று போய் வெட்கம் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஆனால் வெட்கம் தரையில் இருந்தது. நெஞ்சு லேசாக இருந்தது.

"ஏம்மா."

"ம்ம்?"

"வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதே."

"எனக்கென்ன பைத்தியமா? உங்க பொழப்பு என்ன ஆகறது?" என்று சொல்லி, அவர் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்து, பனியனை மாட்டிவிட்டார். அன்றோடு அளவு நின்றது. கண்ணாடி நின்றது. கை வைப்பது நின்றது. ரசமட்டம் வேலைப் பைக்குத் திரும்பியது. அண்ணனே அதைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். ஒரு சந்தேகம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணே, அப்புறமா நீங்களே ஒரு தடவை தரையில வச்சுப் பாத்தீங்களா?"

"உனக்கு விவரம் பத்தாது தம்பி. வச்சுப் பாத்தா என்ன ஆகும்?"

"தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா நான் சும்மா இருப்பேனா? மொத்தத்தையும் பேத்து எடுத்துட்டுப் புதுசா போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அவ இருக்கற வீட்டை இடிச்சுத் தூசி பண்ணணும். கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா வேற சொல்லியிருந்தாங்க. அதான் பாக்கல. இன்னிக்கு வரைக்கும் பாக்கல. அந்த அறைக்குள்ள போனா கண்ணை மேலயே வச்சுக்குவேன்."

மாதங்கள் போயின. டாக்டரம்மா பார்த்துவிட்டு, நன்றாக ஆறியிருக்கிறது, இனி பனியன் வேண்டாம், வேலைக்குப் போகலாம் என்றார். இரண்டு பக்கமும் அச்சு வார்த்தது போல இருக்கிறதா என்று அண்ணன் கேட்கவே இல்லை. டாக்டரம்மாவுக்கே அது ஆச்சரியமாக இருந்ததாம்.

இனி நான் நேரில் பார்த்தது. அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, ஜன்னலே இல்லாத, கதவு மட்டும் உள்ள ஒரு குளியலறையில் வேலை நடந்தது. உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. அண்ணன் சட்டைப் பட்டன்களை மேலிருந்து கீழாக அவிழ்த்தார். சட்டையை ஆணியில் மாட்டினார். துண்டு எடுக்கவில்லை. குனிந்து வேலையைத் தொடங்கினார். பிளம்பர் உள்ளே வந்தார், அவரைத் தாண்டிப் போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார், "அண்ணே, அந்தக் கரண்டியை இப்படித் தள்ளுங்க," என்றார். அவ்வளவுதான். அண்ணன் கரண்டியைத் தள்ளிவிட்டார். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறார்.

இடது பக்கம் உயரமாக இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அந்த மத்தியான இடைவேளையில்தான் மேலே இருக்கும் கதையை எனக்குச் சொன்னார்.

எல்லாம் எழுதி முடித்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. பிறர் சொல்லக் கேட்டு எழுதும்போது ஒன்றையாவது நாமே சரிபார்க்க வேண்டும் என்று பட்டது. அண்ணன் டைல்ஸ் பசை வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி மிஷினில் இருந்தார். விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் "போய்ப் பாருங்க தம்பி," என்றார்.

படுக்கையறையில் மண்டியிட்டு என்னுடைய ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. முனை மாற்றி வைத்தேன். நட்டநடுவில் நின்றது. ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம், கட்டில் ஓரம், குறுக்கே, நெடுக்கே என்று வைத்துக்கொண்டே போனேன். ஒரு மயிரிழை அசையவில்லை. நான் சரிபார்த்த தரைகளில் அப்படி ஒரு தரையை இதுவரை பார்த்ததில்லை.

வெளியே வந்தேன்.  "அண்ணி, தரை... மட்டமாத்தான் இருக்கு."

"அவர் போட்ட தரை வேற எப்படி இருக்கும்?" என்றார் அண்ணி.

"அப்ப அன்னைக்கு..."

மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த தகர டப்பாவைத் துழாவி, ஒரு பெரிய கறுப்புப் பட்டனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"அவர் குளிக்கப் போன நேரத்துல முதல்ல சட்டைப் பட்டனைத்தான் ரசமட்டத்துக்கு அடியில வச்சுப் பாத்தேன். டீச்சர் வந்த அன்னைக்கே அவர் நெஞ்சு மேல குமிழி கோட்டைத் தாண்டி நின்னதைப் பாத்து வச்சிருந்தேன், அந்த அளவுக்கு வரல. கோட்டுப் பட்டன் வச்சேன். சரியா வந்துச்சு."

இதையும் நான் பிறகு வைத்துப் பார்த்தேன். உண்மைதான். சட்டைப் பட்டனுக்குக் குமிழி கோட்டைத் தொடுவதோடு நின்றுவிடுகிறது. கோட்டுப் பட்டனுக்குத்தான் தாண்டுகிறது.